ஒரே நம்பரில் இரண்டு லாரி

3 ஜூன் 2019, திங்கள்

நேரு இறந்த வருஷம். அந்த மார்கழியில்தான் தனுஷ்கோடியில் கடல் ரயிலை விழுங்கியது. அடுத்த தை மாதம் இந்திக் கலவரம், பஸ் ஓடவில்லை. ரயில் மூழ்கியதற்கும் பஸ் நின்றதற்கும் நடுவில்தான் நாங்கள் லாரி வாங்கினோம். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எது செத்தது, எது மூழ்கியது, எது எரிந்தது என்று வைத்துக்கொள்வேன். வருஷம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

என் பெயர் செங்கோடன். எழுத்து தெரியாது, எண் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் பக்கத்து வீட்டு அருளப்பன். இந்தக் கருப்பூர் வட்டாரத்துக்கு முப்பத்தைந்து வருஷம் தபால் போட்டவர்.

டைரியைக் கொடுத்தவன் கோயம்புத்தூர்க்காரன் நிரஞ்சன். ஏற்காட்டு மலையில் ஓட்டல் கட்டியிருக்கிறான். என் கொட்டகையில் நிற்கிற பெட்போர்டு டிப்பரை அந்த ஓட்டல் வாசலில் நிறுத்த ஆசைப்படுகிறான். பழைய இங்கிலீஷ் வண்டிகளைத் தேடித் தேடி வாங்குகிறவனாம். உடம்பெல்லாம் அத்தர் வாடை. அவன் போன பிறகும் கொட்டகையில் அரை நாள் அந்த நாற்றம் நின்றது. கோழிகளே உள்ளே போகவில்லை.

"தாத்தா, இந்தக் கண்டிஷன்ல ஒரு பெட்போர்டு டிப்பர் சவுத்லயே இல்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் தினம் கொஞ்சம் சொல்லி எழுதிவைங்க. கண்ணாடி போட்டு வண்டி பக்கத்துலயே மாட்டுவேன்" என்றான்.

"தொட்டியில என்ன வைக்கப்போற?"

"ரோஜாச் செடி தாத்தா. தொட்டியைப் பாதி தூக்கி நிறுத்தி, பூவெல்லாம் சரிஞ்சு விழுற மாதிரி."

நான்கு டன் கல் ஏற்றிய தொட்டி. அருளப்பன் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். தபால்காரருக்கு எல்லாமே சிரிப்பு.

4 ஜூன், செவ்வாய்

டிரைவர் சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிட்டு, முட்டை அழுகிக் கிடந்தது. எடுத்துப் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

6 ஜூன், வியாழன்

வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூக்கு நீண்ட லாரி. இங்கிலீஷ்காரன் ஊரில் செய்து, கப்பலில் ஏற்றி, இங்கே ஓர் அணைக்கட்டு வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அணை முடிந்ததும் சர்க்கார் ஏலம் விட்டது. காலையில் முன்னால் ராடு செருகிச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். மறந்தால் ராடு திருப்பி அடித்து மணிக்கட்டை ஒடித்துவிடும். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தரம் கிளட்ச். இன்ஜின் சூட்டில் என் காலில் முழங்கால்வரை முடி முளைத்ததில்லை. ஏற்றிய கல் வெள்ளைக்கல். இரும்பு உருக்குகிற உலைக்குச் செங்கல் செய்ய ரயிலில் போகிற கல். கல் வெட்டுகிற குழியிலிருந்து ஏறி ரயிலடியில் கொட்டிவிட்டுத் திரும்பினால் புருவம், மூக்கு, எச்சில் எல்லாம் வெள்ளை.

கொட்டும்போதுதான் பயம். லீவரைத் தள்ளினால் ஜாக்கி முனகிக்கொண்டே தொட்டியைத் தூக்கும். கல் ஒரு பக்கமாகச் சரிந்தால் வண்டியே கவிழும். தூக்கிய தொட்டிக்கு அடியில் கிரீஸ் வைக்கப் போகிறவன் முதலில் வேலமரக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் நுழைந்து நசுங்கிய இரண்டு பேரை நானே இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் ரோஜா வைக்கிறானாம்.

ஏலத்தில் நாங்கள் வாங்கியது ஒரு லாரி இல்லை, இரண்டு. நாங்கள் என்றால் நானும் என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரர் அத்தப்பனும். இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை, ஒரே சாம்பல் நிறம். ஒன்று ஓடுகிற வண்டி, பதிவுப் புத்தகத்தோடு கொடுத்தார்கள். மற்றது பழைய இரும்பு என்று எடை போட்டுக் கொடுத்தது, அதற்குப் புத்தகம் கிடையாது. ஓடுகிற வண்டியை அத்தப்பன் பெயரில் பதிந்தோம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்ற ஒரே காரணம். இரும்பை நான் எடுத்துக்கொண்டேன். ஏழு மாதம் உட்கார்ந்து அதை உயிர்ப்பித்தேன். பிறகு இரண்டு வண்டிக்கும் ஒரே நம்பரை எழுதினோம்.

"இதையும் எழுதட்டுமா, டிரைவரே?" என்றார் அருளப்பன்.

எழுதுங்கள். அந்தக் காலத்தில் குழியில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். சட்டம் ஒன்றுதான். விடிந்ததிலிருந்து உச்சிவரை அத்தப்பன் வண்டி, உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை என் வண்டி. ஒன்று கொட்டகைக்குள் போன பிறகுதான் மற்றது வெளியே வரும். இரண்டும் ஒரே நேரத்தில் ரோட்டில் இருக்கக் கூடாது. ஒரு வண்டிக்கு ஓய்வே இல்லையா என்று குழி மேஸ்திரி கேட்பார். "இங்கிலீஷ்காரன் வண்டிங்க, அதுக்கு அசதியே கெடையாது" என்பார் மாப்பிள்ளை. நல்ல வாய் அவருக்கு.

7 ஜூன், வெள்ளி

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷினில் என் விரல் விழவில்லை. தேய்ந்துபோய்விட்டதாம். பின்னால் நின்றவள் "பெருசு, கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன்.

9 ஜூன், ஞாயிறு

கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடியை இன்று கூட்டிக்கொண்டு வந்தான் நிரஞ்சன். கல்யாணத்துக்கு முன்னாலேயே கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள். என் மகன் பழனிவேல் விடியற்காலையிலேயே வண்டியைக் கழுவி, டயருக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தான். பெற்ற அப்பனுக்கு இந்த எண்ணெயைத் தடவியதில்லை.

கலர் புகை விட்டார்கள். பையன் வெள்ளை வேட்டியோடு பானெட்மேல் படுத்தான். அந்தப் பெண் முன்சக்கரத்து மட்கார்டுமேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தாள். உட்கார்ந்த இடத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, என் உள்ளங்கை அகலம். நிரஞ்சன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இதைத் தட்டி எடுக்கவே கூடாது தாத்தா. இதுதான் அழகு. எப்படி ஆச்சு?"

"மரத்துல இடிச்சது."

"என்ன மரம்?"

"புளியமரம்."

அவன் போனில் குறித்துக்கொண்டான். புளியமரம் என்று எழுதிக் கண்ணாடி போடுவான். ஜனங்கள் காபி குடித்துக்கொண்டே படிப்பார்கள். தூ.

அவர்கள் போன பிறகு மருமகள் சரோஜா வாசலில் சாணித் தண்ணீர் தெளித்தாள். கலர்ப் பொடி போகவில்லை. ஊதாவும் பச்சையுமாகக் கிடக்கிறது, யாரோ வாந்தி எடுத்ததுபோல.

"மாமா, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. அவிங்க ஓட்டல்லதான் உங்க பையனுக்கு வேலை போட்டுத் தர்றேன்னு இருக்காங்க" என்றாள்.

அது உண்மைதான். பழனிவேல் வேலை பார்த்த நூல் மில்லை மூடி எட்டு மாதம் ஆகிறது. ஐம்பது வயதில் அவனை யார் எடுப்பார்கள்? வண்டி மலையேறினால் அவனும் மலையேறுவான். அதனால்தான் நானும் புளியமரம் என்றேன்.

11 ஜூன், செவ்வாய்

பழனிவேல் வக்கீல் எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏதாவது வேண்டும் என்றால்தான் இவ்வளவு நெருங்கி உட்காருவான்.

"வண்டிப் புத்தகம் இன்னும் அத்தப்பன் மாமா பேர்லதான்பா இருக்குது. அவரு செத்துட்டாரு. அவருக்கு வாரிசு யாரும் உசுரோட இல்ல, வண்டி இத்தனை வருசமா எங்கிட்டத்தான் இருக்குதுன்னு நீங்க சொல்லிட்டாப் போதும். நோட்டரி முன்னால ஒரு கைநாட்டு. அவ்வளவுதான்."

"உங்க அத்தை?"

"அத்தை செத்துப்போச்சுப்பா."

"எப்ப?"

"மூணு வருசம் ஆச்சாம். எடப்பாடியில விசாரிச்சேன். பக்கத்து ஊட்டுக்காரங்க சொன்னாங்க."

என்னைப் பார்க்காமல் லாரியைப் பார்த்துச் சொன்னான்.

தலையாட்டினேன். அவளோடு ஐம்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவள் இருந்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன? மூன்று வருஷமாம். போன ஆடியில்கூட அவள் கதவோரம் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், இடது கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது.

அதை எழுத வேண்டாம் என்று அருளப்பனிடம் சொன்னேன். எழுதிவிட்டேன் என்கிறார். அடியுங்கள் என்றேன். தபால்காரன் கைக்கு வந்ததைக் கிழிக்க மாட்டான் என்கிறார்.

12 ஜூன், புதன்

ரசத்தில் சோப்பு வாடை. சாப்பிடவில்லை.

15 ஜூன், சனி

மட்கார்டு பள்ளத்தைப் பற்றி அருளப்பன் கேட்டார். சொல்கிறேன்.

தி.மு.க. முதல் தடவை ஜெயித்த வருஷம், சித்திரை மாதம். காலை பத்துமணி இருக்கும். ரயிலடிக்குப் போகிற வழியில், கிணற்றுத் திருப்பத்தில், பால்காரர் சின்னண்ணன் சைக்கிளில் இரண்டு கேன் மாட்டிக்கொண்டு வந்தார். லாரி அவர்மேல் ஏறிவிட்டது. லாரி நிற்காமல் போய்விட்டது. எதிரே வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் புழுதியில் நம்பரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டார். காலைக் கணக்கில் வண்டி அத்தப்பனுடையது. குழியில் லோடு ஏற்றுகிற காலை டோக்கனும் அவர் பெயரில்தான் கிழித்திருந்தது. போலீஸ் அவரைப் பிடித்தது. இரண்டு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு லைசென்ஸ் இல்லை. எடப்பாடியில் போய்த் தறி ஓட்டினார். பத்து வருஷம் கழித்து நெஞ்சு வலியில் செத்தார். அவ்வளவுதான்.

பால் ரோடெல்லாம் ஓடிக் கிடந்தது. வெள்ளைக்கல் புழுதியில் பால் ஊறினால் எது பால், எது புழுதி என்று தெரியாது. ஒரு செவலை நாய் வந்து நக்கியது. அவர் கால் அருகில் நக்கியபோது பாலோடு சேர்த்து நக்கியது. இன்றைக்கும் சரோஜா பால் காய்ச்சினால் நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன்.

அருளப்பன் பேனாவை மூடினார்.

"ஏனுங்க டிரைவரே, லாரி நிக்காமப் போயிருச்சுன்னு சொன்னீங்க. நாய் நக்குனதை யாரு பார்த்தது?"

"சொல்லக் கேள்வி."

"அத்தப்பன் செயில்ல இருந்து போட்ட கார்டையெல்லாம் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுனவன் நான்தானுங்க. மறந்துட்டீங்களா? அப்ப நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. மொத்தம் ஏழு கார்டு."

"என்ன இருந்துச்சு அதுல?"

"உங்களுக்கே தெரியும். 'மச்சான், வண்டிக்கு பேட்டரியக் கழட்டி வையுங்க. பாவாயியப் பார்த்துக்குங்க.' ஏழு கார்டுலயும் அதேதான். உள்ள இருக்கறவன் ஏழு தரம் ஒரே சேதி எழுதுனா, பதில் போகலைன்னு அர்த்தம். அன்னிக்கே நெனச்சேன்."

நாற்பத்தைந்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ஒருநாளும் கேட்காத மனுஷன். அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. போய்த் தூங்குங்கள் என்றேன்.

17 ஜூன், திங்கள்

அருளப்பன் வரமாட்டார் என்று நினைத்தேன். டைரியை அக்குளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சரி.

அன்று பாவாயிக்கு இடுப்பு வலி எடுத்தது, தலைப்பிரசவம். அத்தப்பன் வண்டியை விடிந்ததுமே கொட்டகைக்குத் திருப்பிவிட்டு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மருத்துவச்சி. காலை டோக்கன் வீணாகப் போகிறதே என்று நான் என் வண்டியை எடுத்தேன். ஒரே நம்பர்தானே? ரோட்டில் ஒரு வண்டிதான் இருந்தது. சட்டத்தை மீறவில்லை.

கிணற்றுத் திருப்பத்தில் நிறுத்தினேன். இறங்கினேன். பார்த்தேன். புத்தகம் இல்லாத வண்டி, என்ன செய்வது? ஏறிக்கொண்டு போய்விட்டேன். பழைய குழி ஒன்றில் வண்டியை இறக்கி முள் வெட்டிப் போட்டு மூடினேன். போலீஸ் கொட்டகைக்கு வந்து அத்தப்பன் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஓர் ஆளை ஏற்றிக் கொன்ற வண்டியில் கீறல் இல்லையே என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நம்பர் சரியாக இருந்தது, அது போதும் அவர்களுக்கு.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான்தான் உள்ளே போயிருப்பேன். பேசினால் இரண்டு லாரிக் கதையும் வெளியே வரும், அவரும் உள்ளே வருவார். ஸ்டேஷன் ஜன்னல் பக்கம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் உள்ள போனா அவளுக்கு யாருங்க மச்சான்? நீங்க வெளிய இருங்க."

அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

கோர்ட்டில் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, படிக்கத் தெரியாதவன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். வாசித்துக் காட்டிய பிறகுதான் மை தடவினார்கள். அன்று காலை அத்தப்பன் லாரியை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று இருந்தது.

ஆறு மாதத்தில் வழக்கு முடிந்து, போலீஸிடமிருந்து அவர் வண்டியை நான் எடுத்தபோது இன்ஜின் துருவேறிக் கிடந்தது. என் வண்டியில் சேசிஸ் விரிசல். வெட்டி இரண்டையும் ஒன்றாக்கினேன். மூஞ்சியும் இன்ஜினும் என்னுடையது, உடம்பும் தொட்டியும் அவருடையது. அதற்குப் பிறகு குழிக்குள்ளேயே ஓட்டினேன், எம்.ஜி.ஆர். இறந்த வருஷம்வரை. நிரஞ்சன் தடவுகிறானே, அந்த மட்கார்டு என் வண்டியுடையது.

அருளப்பன் சிரிக்கவில்லை. மூன்று பக்கம் ஆகிவிட்டது என்றார்.

20 ஜூன், வியாழன்

கண்ணாஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு எடப்பாடி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒருவன் காலணியைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்தான். அந்த நாற்றத்தோடு ஒன்றரை மணிநேரம்.

ஒவ்வோர் ஆடியிலும் போவேன். அவள் வீட்டுக்கு எதிரே டீக்கடை. பால் இல்லாத டீ ஒன்று குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்தத் தடவை ரோட்டைத் தாண்டினேன்.

பாவாயி வாசற்படியில் ராட்டையோடு இருந்தாள். எழுபத்து மூன்று வயது. இடுப்பு வளைந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்காமலேயே பேசினாள்.

"என்ன, இன்னிக்கு டீக்கடை லீவா?"

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"ஆடி மாசம் ஆடி மாசம் வந்து திருடனாட்டம் உக்காந்துட்டுப் போறது தெரியாதுன்னு நெனச்சியா? எனக்கு ஒரு கண்ணுதான் ஆபரேசன். இப்ப எதுக்கு ஆனியிலேயே வந்த?"

"ஒடம்பு எப்படி இருக்குது?"

"செத்தவளுக்கு ஒடம்பு எப்படி இருக்கும்? போன மாசம் உம்மகன் வந்தான். ஆப்பிள் வாங்கிட்டு வந்தான். அத்தை அத்தைன்னு கைய வேற புடிச்சுக்கிட்டான். லாரியக் குடுக்கறோம், கையெழுத்துப் போடுன்னான். மாட்டேன்னேன். அப்படீன்னா நீங்க இல்லைன்னு எழுதிக்குவோம் அத்தைன்னான். எழுதிக்கடா, உங்கொப்பனுக்கு அது பழக்கந்தான்னு சொல்லி அனுப்புனேன்."

பழனிவேல் இவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். பார்த்துப் பேசி, கையைப் பிடித்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறான். நான் அவள் உயிரோடு இருப்பது தெரிந்தே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே வண்டியின் இரண்டு சக்கரம்.

"எதுக்கு மாட்டேன்னு சொன்ன? துருப்புடிச்ச லாரிதானே?" என்று கேட்டேன்.

ராட்டையை நிறுத்தினாள்.

"புள்ள பெத்த அன்னிக்கு ஏட்டு வந்தாரு. இந்த மனுசன் காலையிலிருந்து வாசல்லயேதானுங்க இருந்தாருன்னு நான் படுக்கையிலிருந்து கத்துனேன். நீ கதவோரம் நின்னுக்கிட்டு என்ன சொன்ன? சொல்லு, உன் வாயால சொல்லு."

"பாவாயி..."

"'தங்கச்சிக்கு சன்னி கண்டிருக்குதுங்க ஏட்டய்யா, ஒளறுறா.' அதானே சொன்ன? எட்டு மாசம் கழிச்சு அந்தப் புள்ளைக்கு அம்மை போட்டுது. தூக்கிக்கிட்டுக் குழிக்கு வந்தேன். சேலம் ஆஸ்பத்திரிக்கு லாரியில கொண்டுபோய் உடுண்ணான்னேன். என்ன சொன்ன?"

"லோடு இருந்துச்சு."

"ரெண்டு நடை ஓட்டிட்டு வந்த. அந்த ரெண்டு நடை நேரமும் வெள்ளைக்கல்லு மேல உக்காந்திருந்தேன். நீ வந்தப்போ என் மடியில புள்ள சில்லுனு கெடந்துச்சு. அப்பக்கூட நீ என்ன பண்ணுன, தெரியுமா? எங்களை ஏத்திக்கிட்டு வந்து எறக்கி உட்டதும் மொதல்ல தொட்டியக் கழுவுன."

கழுவினேன். அம்மை ஒட்டிக்கொள்ளும் என்று கழுவினேன். இதைச் சொன்னால் அருளப்பன் என்ன நினைப்பார் என்று பார்க்கிறேன். அவர் தலை நிமிரவில்லை.

"அந்த வண்டி என் வூட்டுக்காரரு பேர்ல இருக்குது. அவருக்குன்னு இந்தப் பூமியில பேர் எழுதி இருக்கறது அது ஒண்ணுதான். செயிலு ரெஜிஸ்டர்ல இருக்கறது சேத்துனா ரெண்டு. நான் ஒப்புத் தரமாட்டேன். நான் செத்தேன்னு நீயே எழுதிக்க. போ. பஸ்ஸு போயிரும்."

தண்ணீர் கேட்கலாம் என்று நின்றேன். அவள் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

21 ஜூன், வெள்ளி

பழனிவேல் திங்கட்கிழமை நோட்டரி நேரம் வாங்கிவிட்டானாம். எனக்குப் புது வேட்டி எடுத்து வந்தான். கஞ்சி வாடை தாங்கவில்லை.

24 ஜூன், திங்கள்

சேலம் கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் நோட்டரியின் மேஜை. நிரஞ்சன் வந்திருந்தான், அதே அத்தர். வண்டியை மலைக்கு ஏற்றிப் போக டிரெய்லர்கூடச் சொல்லிவைத்துவிட்டானாம். பழனிவேல் என் தோளில் கை போட்டிருந்தான். அவன் கை வேர்த்திருந்தது, சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

நோட்டரி மைப் பெட்டியைத் திறந்தார். "கட்டைவிரலைக் குடுங்க பெரியவரே."

"வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"எல்லாம் நான் சொன்னதுதாம்பா. பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க பாருங்க" என்றான் பழனிவேல்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. வாசிச்சுக் காட்டாம நான் வெச்சதில்ல. ஒருதரம்கூட வெச்சதில்ல."

நோட்டரி சலிப்போடு வாசித்தார். கருப்பூரில் குடியிருக்கும் செங்கோடன் ஆகிய நான் உண்மையாகவும் உறுதியாகவும் தெரிவித்துக்கொள்வது என்று ஆரம்பித்தது. வாகனத்தின் பதிவுபெற்ற உரிமையாளர் காலஞ்சென்ற அத்தப்பன் என்றது. மேற்படியாருக்கு மனைவியோ மக்களோ மற்ற வாரிசுகளோ எவரும் தற்போது உயிருடன் இல்லை என்பதை நான் நேரில் அறிவேன் என்றது.

"நேரில் அறிவேன்னு போட்டிருக்குதுங்களா?"

"ஆமா. சரிதானே? வைங்க."

மை என் விரலில் ஏறிவிட்டது. குளிர்ச்சியாக இருந்தது. பழனிவேலைப் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அப்பா, வேண்டாம்பா. எனக்கு இது ஒண்ணுதாம்பா இருக்குது" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஒரு கணம் விரலைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு புது வேட்டியிலேயே துடைத்தேன்.

"இது தப்புங்க" என்றேன்.

"எது தப்பு?"

"அந்த வரி."

நிரஞ்சன் குனிந்தான். "தாத்தா, ஏதாவது பேர் மிஸ்டேக்கா?"

"பக்கத்துல வராத. உன் வாடை எனக்கு ஆகல. மட்கார்டுல இருக்கற பள்ளம் புளியமரம் இல்ல. பால்காரர் சின்னண்ணன். ஏத்துனது நான். உள்ள போனது என் மாப்ள."

நோட்டரி பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, அதெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். நான் கேக்கறது ஒண்ணுதான். அந்தக் காலத்து ஆளுங்க யாராவது இப்ப இருக்காங்களா, இல்லையா?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். பால்காரர் சின்னண்ணன் அன்றைக்கே ரோட்டில் போய்விட்டார். நம்பரைப் பார்த்த வாத்தியார், ரயில் மூழ்கிய ஊரிலிருந்து வந்தவர், மலேரியாவில் போனார். ஏட்டு ரிட்டையர் ஆகிக் கிணற்றில் விழுந்தார். மேஸ்திரி, நம்பர் எழுதிய பெயின்டர், மருத்துவச்சி, மூன்று பேரும் ஒரே மழைக்காலத்தில். பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எட்டு மாதம். மாப்பிள்ளை அத்தப்பன் எம்.ஜி.ஆர். முதலில் ஜெயித்து இரண்டு வருஷம் கழித்து, தறியில் சாய்ந்தபடி. என் வீட்டுக்காரி போன புரட்டாசியோடு ஒன்பது வருஷம்.

"அப்ப யாருமே இல்லன்னுதானே ஆச்சு?" என்றார் நோட்டரி.

"ஒருத்தி இருக்குறாளுங்க. எடப்பாடியில, வாசப்படியில உக்காந்து தார் சுத்திக்கிட்டு. வண்டி அவளுது. எந்தங்கச்சி பாவாயி."